கல் உப்பா, தூள் உப்பா, இந்துப்பா, சோடியம் குறைந்த உப்பா: உங்கள் வீட்டுக்கு எது?

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் போன வாரம் ஒரு அக்கா உப்பு அடுக்கின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ரோஸ் நிற இந்துப்பு, இன்னொரு கையில் சோடியம் குறைந்த உப்பு. வீட்டுக்காரருக்கு பிபி, சர்க்கரை இரண்டும் இருக்கிறது. மகள் ஐந்து மாதம், தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாமியாரோ தெருவில் வண்டியில் வரும் கல் உப்பைத் தவிர எதையும் குழம்பில் போட விடமாட்டார். "யூடியூப்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, நீயாவது ஒண்ணு சொல்லும்மா" என்றார். அங்கே நின்றபடி அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் மனசு ஆறவில்லை. எங்கள் நைனாவுக்கு நான் உப்பு மாற்றிக் கொடுத்து என்ன ஆனது என்பதை அவரிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். அதையும் சேர்த்து இங்கே முழுசாக எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவு செய்வது

நான்கு உப்புமே பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், சோடியம் குறைந்த உப்பில் மட்டும் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அதனால் நிறத்தையும் பாக்கெட்டில் இருக்கும் மலைப் படத்தையும் ஓரமாக வைத்துவிட்டு வேறு சிலதைப் பாருங்கள்.

முதலில் அளவு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மட்டமாகத் தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பை விடச் சற்றுக் குறைவு. சாம்பார், பொரியல், ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாயங்காலம் தின்னும் முறுக்கு என்று எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். நம் வீடுகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு போகிறது.

அடுத்தது அயோடின். கடலிலிருந்து வருகிற உப்புதானே, அதில் அயோடின் இல்லாமலா போகும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இயற்கையில் உப்போடு வரும் அயோடின் மிக மிகக் குறைவு, அது போதாது. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. தாய்க்கு அது குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே பாதிக்கும். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை, அதனால்தான் நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

மூன்றாவது, வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மாத்திரை. சிறுநீரகம் முக்கியம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான்காவது நம் ஊருக்கே உரியது, தண்ணீர். பாலாற்றை ஒட்டிய ஊர்களில் போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று சொல்லவேண்டியதில்லை, பருப்பு வேகாமல் அடுப்பில் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும். ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் சோடியம் உள்ள தண்ணீரை ஒருவர் 3 லிட்டர் குடித்தால் 900 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு, சோற்றில் கை வைக்கும் முன்னாலேயே உள்ளே போய்விடும். பிபி உள்ளவர் வீட்டில் காவிரிக் குடிநீர் வருகிறதா, போர் தண்ணீரா, கேன் தண்ணீரா என்று பார்க்காமல் உப்புப் பாக்கெட்டை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான்.

விலை கடைசிதான். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோவோ ஒன்றேகால் கிலோவோ ஆகும், விலையேறிய உப்பை வாங்கினாலும் வீடு கவிழ்ந்துவிடாது. ஆனால் கொடுக்கும் காசுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து கொடுக்கவேண்டும்.

| | அயோடின் | சோடியம் | விலை | யாருக்குக் கூடாது |
|---|---|---|---|---|
| வண்டிக் கல் உப்பு | இல்லை | வழக்கமான அளவு | மிகக் குறைவு | தினசரி சமையலுக்கு யாருக்குமே வேண்டாம், கர்ப்பிணி உள்ள வீட்டில் கூடவே கூடாது |
| அயோடின் தூள் உப்பு, அயோடின் கல் உப்பு | உண்டு | வழக்கமான அளவு | குறைவு | அளவோடு இருந்தால் யாருக்கும் தடையில்லை |
| இந்துப்பு | பெரும்பாலும் இல்லை | வழக்கமான அளவு | பல மடங்கு | அயோடினுக்கு வேறு வழி இல்லாதவர்களுக்கு |
| சோடியம் குறைந்த உப்பு | பாக்கெட்டைப் பார்க்கணும் | குறைவு | அதிகம் | சிறுநீரகக் கோளாறு, சில பிபி மாத்திரைகள், கர்ப்பிணி, குழந்தைகள் |

கல் உப்பு

எங்கள் அம்மா உப்பு வாங்கும் நாளில் வீடே உப்பு வாசமாக இருக்கும். சைக்கிளில் மூட்டை கட்டி வருபவரிடம் படியில் அளந்து வாங்குவார், எடை போட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. மூங்கில் தட்டில் கொட்டி, ஒரு சொம்பு தண்ணீரை மேலாக ஊற்றிச் சரசரவென்று ஒரு அலசு. கீழே ஓடும் தண்ணீர் பழுப்பாக இருக்கும், தட்டின் இடுக்கில் கறுப்பாகக் களிமண் துணுக்குகள் ஒட்டியிருக்கும். மாடியில் வெள்ளைத் துணியில் காயவைத்து ஜாடியில் போட்டால் ரெண்டு மாதத்துக்குக் கவலையில்லை.

அந்த உப்பு தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் போன்ற இடங்களில் உப்பளப் பாத்திகளில் வெயிலில் விளைவது. வேலூருக்குக் கடல் கிடையாது, உப்பு எப்போதுமே வண்டியேறித்தான் வந்திருக்கிறது. சங்க காலத்தில் உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பு ஏற்றி உள்நாட்டுக்கு வந்து நெல்லுக்கு மாற்றிப் போனார்கள். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது இந்த உப்பை அள்ளுவதற்காகத்தான். உச்சி வெயிலில் பாத்தியில் உப்பு வாருகிறவர்களின் பாதத்தைப் பார்த்தவர்கள் இதை மட்டமான உப்பு என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

என் குறை ஒன்றே ஒன்று, வண்டி உப்பில் அயோடின் கிடையாது. அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிடுவதற்கு விற்கக் கூடாது என்று 2006 மே மாதத்திலிருந்து நாடு முழுக்கச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் 2018-19இல் எடுத்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைச் சமையலுக்குப் பயன்படுத்தும் வீடுகளில் தமிழ்நாடுதான் கடைசி வரிசை. காரணம் நமக்குக் கல் உப்பின் மேல் இருக்கிற பாசம்.

அந்தப் பாசத்தை விடவேண்டியதில்லை. அயோடின் சேர்த்த கல் உப்பு பாக்கெட்டில் வருகிறது, அதை வாங்குங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: அதில் அயோடின் கல்லின் மேல்பரப்பில்தான் தெளித்திருப்பார்கள். பழக்கத்தில் அதையும் தட்டில் கொட்டி அலசினால் காசு கொடுத்து வாங்கிய அயோடின் சாக்கடைக்குப் போகும். எங்கள் அம்மாவை இந்த ஒரு பழக்கத்திலிருந்து மாற்றவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வெறும் கல் உப்பு எங்கே நல்லது என்றால் ஊறுகாய்க்கு. குடியாத்தம் பக்கம் கோடையில் மாங்காய் வந்து குவியும்போது ஜாடி ஜாடியாகப் போடுகிறவர்கள் கல் உப்பைக் காயவைத்து இடித்துத்தான் போடுவார்கள். தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பவை ஊறல் நீரைக் கலங்கலாக்கும், கல் உப்பில் அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் மாட்டுத் தண்ணித் தொட்டிக்கு, திருஷ்டி சுற்ற, புது வீட்டில் முதலில் கொண்டுபோய் வைக்க. இதற்கெல்லாம் அரைக் கிலோ தனியாக வையுங்கள், அடுப்பு மேடையில் மட்டும் வைக்காதீர்கள்.

அயோடின் தூள் உப்பு

இதைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான விடை இதுதான். பிரபலமான பாக்கெட்டே கிலோ முப்பது ரூபாயை ஒட்டித்தான் இருக்கிறது, வாலிநோக்கத்தில் எடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அரசு உப்பு அதைவிட மலிவு. நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடினும், தயாராகும் இடத்தில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. இடையில் ஏன் அந்தக் குறைவு என்றால் சூடு, ஈரம், வெளிச்சம் எல்லாம் அயோடினைத் தின்னும். அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாத மரவையில் உப்பை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை இன்றே மாற்றுங்கள். மூடி போட்ட டப்பா, அடுப்பிலிருந்து ஒரு கை தூரம், குழம்பு இறக்கும் சமயத்தில் உப்பு. இவ்வளவு போதும்.

தூள் உப்பில் "சயனைடு" போடுகிறார்கள் என்று ஒரு வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. கட்டி பிடிக்காமல் இருக்க மிகச் சிறிய அளவில் சேர்க்கும் பொட்டாசியம் ஃபெரோசயனைடுதான் அது. அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, நம் வயிற்றில் அவிழ்ந்து விஷமாவதில்லை, அனுமதித்த அளவும் மிகக் குறைவு. இந்தப் பயத்தில் அயோடின் உப்பை விட்டுவிட்டு அயோடின் இல்லாத உப்புக்குப் போனவர்களை எனக்கே தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

தூள் உப்பில் மறைந்திருக்கும் செலவு வேறு. வீட்டுத் தராசில் போட்டுப் பார்த்தேன், மட்டமான ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் காட்டியது, அதே ஸ்பூனில் கல் உப்பு 5க்குக் கீழே நின்றது. கல் உப்பு போட்டுப் பழகிய கை, தூள் உப்பிலும் அதே ஸ்பூனைப் போட்டால் நமக்குத் தெரியாமலே உப்பு கூடும். மாற்றிய முதல் வாரம் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள்.

ஒரு இடத்தில் தூள் உப்புதான் வேண்டும், கல் உப்பு வேண்டாம். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டுகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பாக்கெட் கிடைக்கும் வரை வீட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கவேண்டி வரும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை. அங்கே ஸ்பூன் அளவு தப்பக் கூடாது, கல் உப்பில் அது சரியாக வராது.

இந்துப்பு

ரோஸ் நிற இந்துப்பின் பேர்போன ஊற்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் கேவ்ரா சுரங்கம். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி பக்கம் பாறை உப்பு வெட்டுகிறார்கள், ஆனால் அளவு சிறியது. 2025 மே மாதம் பாகிஸ்தானிலிருந்து எந்தச் சரக்கும் வரக்கூடாது என்று தடை வந்தது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் எங்கிருந்து வந்தது என்று பின்பக்கத்தில் படித்துப் பாருங்கள்.

அந்த நிறம் இரும்புத் துருவின் நிறம். எண்பத்துச் சொச்சம் தாதுக்கள் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பில் அவை எவ்வளவு வரும்? கண்ணுக்கும் கணக்குக்கும் எட்டாத அளவு. இரும்புச்சத்து வேண்டுமென்றால் முருங்கைக்கீரை இருக்கிறது, கால்சியத்துக்கு நம் கேழ்வரகுக் களியும் கூழும் இருக்கிறது. அதற்கு இந்துப்பை நம்ப வேண்டாம்.

பிபிக்கு நல்லது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் கவலை தரும் பேச்சு. இந்துப்பிலும் சோடியம் சாதா உப்பில் உள்ள அளவுதான். "இது ஒண்ணும் பண்ணாது" என்ற தைரியத்தில் மோரில் இன்னொரு சிட்டிகை, வெள்ளரிக்காயில் இன்னொரு சிட்டிகை என்று கூடிக்கொண்டே போகும். அதோடு பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை.

சித்த மருந்துகளில் இந்துப்புக்கு இடம் உண்டு. வைத்தியர் சூரணத்தோடு சொன்னால் அந்த அளவில் அந்த மருந்தாக எடுங்கள். கொய்யாப்பழத்தில் தூவ அதன் ருசி பிடித்திருக்கிறது என்றாலும் சரி, நூறு கிராம் வாங்கி வையுங்கள். குழம்பு உப்பாக வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு

நல்லதும் ஆபத்தும் ஒரே பாக்கெட்டில் இருப்பது இதில்தான்.

நல்லது முதலில். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து ஐந்து வருஷம் ஒரு ஆய்வு நடந்தது, 2021இல் முடிவு வந்தது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பிபி கட்டுப்படாத வயதானவர்கள். பாதி கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பு, மீதிக்குச் சாதா உப்பு. மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. வெறும் உப்பை மாற்றி இவ்வளவு வருவது சின்ன விஷயம் இல்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் வீட்டு உப்புக்குப் பதிலாக இதைப் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னது. வீடியோக்களில் அந்த இரண்டாம் பாதி வருவதில்லை.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் நைனாவுக்கு உப்பை மாற்றினேன். அவருக்கு 71 வயது, இருபது வருஷச் சர்க்கரை, பிபிக்குப் பெயர் 'சார்டான்' என்று முடியும் மாத்திரை. அது கோடை, தினம் காலையில் ஒரு இளநீர் வேறு. ரெண்டு மாதம் போனது, பிபி கொஞ்சம் இறங்கியதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் கால் ரெண்டும் துவண்டு போகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். வெயில் என்று நினைத்தோம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது, 5க்குள் இருக்கவேண்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே "வீட்ல உப்பு எதாவது மாத்தினீங்களா?" என்பதுதான். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

அவர் விளக்கியது இது. உடம்பில் கூடுகிற பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம். நாள்பட்ட சர்க்கரையில் சிறுநீரகம் சத்தமில்லாமல் தளர்ந்திருக்கும். 'சார்டான்', 'பிரில்' என்று முடியும் பிபி மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற சில நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மேலே இந்த உப்பு, அதற்கும் மேலே இளநீர். அளவு மீறினால் இதயத் துடிப்பே தப்பிப்போகும். நல்ல வேளை, உப்பையும் இளநீரையும் நிறுத்தி, மருந்து கொடுத்து, பத்து நாளில் சரியானது.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு இந்த உப்புக்குப் போகாதீர்கள், அது இன்னும் மோசம். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொட்டாசியமும் ஒரு தடவை பாருங்கள், இரண்டும் சரியாக இருந்து டாக்டரும் சரி என்றால் இது நிஜமாகவே நல்ல உப்பு. சிறுநீரகம் நன்றாக இருந்து, மேலே சொன்ன மாத்திரைகள் இல்லாமல், பிபி எல்லையில் நிற்கும் நாற்பது ஐம்பது வயதுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள். லேசான கசப்பு இருக்கும், உறைக்கவில்லை என்று கூட ஒரு ஸ்பூன் போட்டால் குறைத்த சோடியம் திரும்ப வந்துவிடும்.

மூட்டையில் வரும் உப்பு

இது நம் பழைய வேலூர் மாவட்டத்துக்கு மட்டும் சொல்லவேண்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் மண்டிகளுக்கு லாரி லாரியாக உப்பு வரும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புதான் கழிவோடு போய் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அந்த மூட்டை உப்பு சாப்பிடுவதற்காகச் சுத்தம் செய்ததில்லை, அயோடினும் இல்லை. தெரிந்தவர் மூலமாக மலிவாகக் கிடைக்கிறது என்று அரை மூட்டை இறக்கிக் கல்யாணச் சமையலுக்குப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். தோலுக்கு வந்தது தோலுக்கே போகட்டும்.

அந்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் வீட்டில் அடுப்பு மேடைக்கு ஒரே உப்பு வையுங்கள், அயோடின் சேர்த்தது. மாமியாருக்காக அயோடின் கல் உப்பையே வாங்குங்கள், அவர் கைப்பழக்கமும் கெடாது, அலசாமல் போடச் சொல்லுங்கள். மகள் வீட்டில் இருக்கும் வரை அந்தச் சோடியம் குறைந்த பாக்கெட் வேண்டாம். வீட்டுக்காரருக்குச் சோறு வடிக்கும்போது உப்புப் போடாதீர்கள், தட்டில் ஊறுகாயை எடுத்துவிடுங்கள், அவர் குடிக்கும் தண்ணீர் போர் தண்ணீர் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றீர்கள், மாத்திரை அட்டையை எடுத்துப் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது கிரியாட்டினினும் பொட்டாசியமும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சீட்டு வந்ததும் டாக்டரிடம் கேட்டுவிட்டு உப்பை மாற்றுவதா என்று பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைக்கு வருவேன், சீட்டு இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.